தடத்துக்குக் கோடு போடும் நாளில் கேட்க வேண்டியது

நான் மெட்ரோ ரயிலின் பக்கம் நிற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரம் பெருகும்போது மக்கள் எப்படியாவது போய்வரத்தான் செய்வார்கள். ரயில் இல்லாத இடத்தில் அந்தப் பயணம் முழுவதும் சாலைக்கு வருகிறது. சாலை நான்கு தடமாகி, ஆறு தடமாகி, ஏரிக்கரையையும் காட்டோரத்தையும் விழுங்கிக்கொண்டே போகிறது. ஆகவே நல்ல ரயில் தடம் ஒன்று இயற்கைக்கும் துணைதான். அதனால்தான், ஒரு தடம் காட்டுக்குள் நுழையும்போது கேள்வி எழுப்புகிறவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று முத்திரை குத்துவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. ஒரு வாழிடம் பிழைக்குமா, அழியுமா என்பது வரைபடத்தில் தடத்துக்குக் கோடு போடும் நாளிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. கேள்விகளும் அன்றைக்கே எழ வேண்டும்.

சுரங்கப்பாதை என்றால் மேலே ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறோம். ஆனால் ரயில்கள் இரவில் நிற்கவும், கழுவப்படவும், பழுது பார்க்கப்படவும் ஒரு பணிமனை வேண்டும். அதற்குப் பரந்த, சமதளமான, ஒரே துண்டாக உள்ள நிலம் தேவை. நகரத்தின் நடுவே அப்படி நிலம் கிடைப்பதில்லை. தேடல் இயல்பாகவே நகரத்தின் விளிம்புக்குப் போகிறது. அங்கே கையகப்படுத்தும் செலவு இல்லாத அரசு நிலம் எது என்று பார்க்கிறார்கள். நில ஆவணத்தில் அதன் பெயர் தரிசு, புறம்போக்கு, காலி இடம். மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சதுப்பும், புல்வெளியும், புதர்க்காடும் இந்தப் பெயர்களுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

மும்பையின் மூன்றாவது மெட்ரோ தடம் இதற்குச் சான்று. 33.5 கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ முழுவதும் நிலத்தடியில் ஓடும் தடம் அது. இருந்தும் ஆரே பகுதியில் பணிமனை அமைப்பதற்கு எதிராக அவ்வளவு பெரிய போராட்டம் வெடித்தது. சிறுத்தைகள் நடமாடும் இடம் ஆரே. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டியது. வார்லி ஆதிவாசிகளின் குடியிருப்புகள் உள்ளது. 2019 அக்டோபர் 4 அன்று மரம் வெட்டுவதற்கு எதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே மரம் அறுக்கும் இயந்திரங்கள் இறங்கின. அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது 2,141 மரங்கள் ஏற்கெனவே விழுந்துவிட்டன. பணிமனை 2020இல் மும்பையின் இன்னொரு பகுதியான காஞ்சூர்மார்க்குக்கு மாற்றப்பட்டது. 2022இல் மீண்டும் ஆரேவுக்கே திரும்பியது. தடத்தின் முதல் பகுதி 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. காடும் இழந்தது, ரயிலுக்குக் காத்திருந்த பயணிகளும் இழந்தார்கள். பணிமனைக்கான இடங்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே மக்கள் முன் வைத்து வாதித்திருந்தால், இத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்காது என்றே நம்புகிறேன்.

வெட்டிய ஒரு மரத்துக்கு இத்தனை கன்றுகள் நடுவோம் என்ற வாக்குறுதியை நான் நம்புவதில்லை. முதிர்ந்த மரம் ஒன்றின் அருகே போய் நின்று பாருங்கள். கிளை முறிந்த இடம் ஆண்டுக்கணக்காக உளுத்து ஒரு பொந்தாகியிருக்கும். அந்தப் பொந்தில் கிளியோ ஆந்தையோ குஞ்சு பொரித்திருக்கும். பட்டை வெடிப்பில் பல்லியும், அதன் கீழே எறும்பு வரிசையும், கவட்டில் வேர்விட்ட தொற்றுச் செடியும் இருக்கும். மூங்கில் குச்சியில் கட்டி நிறுத்திய கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். பறவை அடுத்த பருவத்தில் எங்கே முட்டையிடும்? அதோடு, காட்டின் குறுக்கே ஒரு பட்டையை வெட்டினால் வெட்டிய இடம் மட்டும் போவதில்லை. இருபுறமும் வெயிலும் காற்றும் உள்ளே புகுகின்றன, மண்ணின் ஈரம் குறைகிறது, களைச்செடிகள் பரவுகின்றன, கிளைவழியே தாவிச் செல்லும் குரங்குகளுக்குப் பாதை அறுந்துபோகிறது. எண்ணிக்கையில் சமமாக்கிக் காட்டும் கணக்கில் இவற்றுக்கு இடமே இல்லை.

வேறு வழி சாத்தியம் என்பதற்கு ஹாங்காங்கின் லாங் வேலி இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவான ஈர வயல்வெளி அது. மயில் உள்ளான் அங்கே இனப்பெருக்கம் செய்கிறது. ஷியுங் ஷுயிலிருந்து லோக் மா சாவுக்குச் செல்லும் ரயில் கிளைப்பாதையை அந்த வயல்களின் மேலே தூண்களில் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார்கள். அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 2000ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் துறை நிராகரித்தது. ரயில் நிறுவனம் அரசுக்கே சொந்தமானது என்பதைக் கவனிக்க வேண்டும். 2001இல் மேல்முறையீடும் தோற்றது. பிறகு அந்தப் பகுதி சுரங்கமாக மாற்றி வடிவமைக்கப்பட்டு, 2007இல் பாதை திறக்கப்பட்டது. ரயில் வந்தது, வயலும் தங்கியது. மறுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்ததும், அதைப் பயன்படுத்த ஓர் அதிகாரி துணிந்ததும்தான் இதற்குக் காரணம்.

சிங்கப்பூரின் குறுக்குத் தீவு ரயில் பாதையைப் பற்றி என் கருத்து இவ்வளவு தெளிவாக இல்லை. 2013இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பாதை, மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்கு அடியில் செல்வதாக இருந்தது. அழுங்கும், சருகுமானும், அருகிவரும் ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் என்னும் குரங்கும் வாழும் காடு. வனத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று இயற்கைச் சங்கம் வாதிட்டது. சுற்றுப்பாதைக்குக் கூடுதலாகச் சுமார் 200 கோடி சிங்கப்பூர் வெள்ளியும் ஆறு நிமிடப் பயண நேரமும் ஆகும் என்று அரசு சொன்னது. பல ஆண்டு ஆய்வுக்கும் கலந்துரையாடலுக்கும் பின், 2019 டிசம்பரில் நேர்ப்பாதையே தேர்வானது. ஆனால் வனத்துக்குக் கீழே செல்லும் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் சராசரியாக 70 மீட்டர் ஆழத்தில் அமையும்; வனத்துக்குள் தரைக்கு மேலே எந்தக் கட்டுமானமும் இராது.

ஆறு நிமிடத்தைக் காட்டுக்காகக் கொடுத்திருக்கலாம் என்பதே அன்று என் நிலைப்பாடு. இன்றும் அதை முழுதாகக் கைவிடவில்லை. ஆனாலும் அந்த விவாதம் நடந்த விதத்தை நான் மதிக்கிறேன். மண் பரிசோதனைக்காகத் துளையிடுவதே காட்டைக் குலைக்கும் என்று எதிர்ப்பு எழுந்தபோது, 72 என்றிருந்த துளைகளை 16 ஆகக் குறைத்தார்கள். ஏற்கெனவே உள்ள நடைபாதைகளிலும் திறந்தவெளிகளிலும் மட்டும் துளையிட்டார்கள். இயந்திரத்தைச் சுற்றி ஒலித்தடுப்பு வைத்தார்கள். துளையிடும்போது வெளிவரும் சேற்றுநீர் ஓடையில் கலந்துவிடாமல் தொட்டிகளில் பிடித்தார்கள். மரம் வெட்டும் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஒரு துளையிடும் இயந்திரம் காட்டுக்குள் போகும் வழியே முதல் காயமாகலாம் என்பது தோன்றுவதில்லை.

என் கவலை நீரைப் பற்றியது. ஆழத்தில் சுரங்கம் தோண்டும்போது பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தடி நீர் உள்ளே கசிந்தால், மேலே ஓடும் சிற்றோடையின் மட்டம் மெல்ல இறங்கக்கூடும். தவளையும் நன்னீர் நண்டும் அதை நமக்கு முன்பே உணரும். ஆகவே எந்த நகரமாக இருந்தாலும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே பணிமனை, காற்றோட்டக் கட்டடம், துளைகள் இவற்றின் இடங்களும், கைவிடப்பட்ட மாற்றுவழிகளும் அவற்றின் செலவோடு வெளியிடப்பட வேண்டும். தோண்டும் காலம் முழுவதும், ரயில் ஓடத் தொடங்கிய பின் சில ஆண்டுகளுக்கும், ஓடைகளின் நீர்மட்ட அளவுகள் மாதந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். மட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் தோண்டும் இயந்திரம் நிறுத்தப்படும் என்ற நிபந்தனை, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.