நீச்சல் தடாகத்தை முழுசா இறைக்க வேண்டாம்

"புயலுக்குப் பிறகு ஊத்தைத் தண்ணி முழுக்க இறைச்சிட்டுப் புதுசா நிரப்பினாத்தான் தடாகம் சுத்தமாகும்" என்று மேல ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்கோ. திருகோணமலையில நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மாரியில கிணத்துத் தண்ணி எவ்வளவு மேல வந்து நிக்கும் என்று இங்க இருக்கிறவைக்குத் தெரியும். அந்த நேரம் தடாகத்தை வெறுமையாக்கினா, மணலுக்குள்ள ஊறி நிக்கிற தண்ணி அடியில இருந்து தள்ளும். கொங்கிறீட் வெடிக்கும், பைபர் தடாகமெண்டா அப்படியே மேல கிளம்பியும் விடும். உள்ள நிக்கிற தண்ணியின்ர பாரம்தான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கு. விளிம்பு தாண்டி நிரம்பியிருந்தா வழமையான மட்டத்துக்குக் குறைச்சாப் போதும்.

பம்புக்குள்ள வெள்ளம் போயிருந்தா எலெக்ட்ரீசியன் பாக்காமல் சுவிச் போடாதீங்கோ. ஓலை, சவுக்கு ஊசியெல்லாத்தையும் வலையால அள்ளுங்கோ. அடிச் சேத்தை பில்டருக்குள்ள விடாமல், வெளியால போற மாதிரி உறிஞ்சி எடுங்கோ. தண்ணியின்ர அமில, காரத் தன்மையைக் காட்டுற பிஎச் அளவு 7.2 முதல் 7.6 வரை வந்த பிறகுதான் குளோரின், அதுவும் பொழுதுபட்ட பிறகு. குப்பை கிடக்கக் கொட்டினா, குளோரின் குப்பையோடயே செலவாகிப் போகும். அடியில இருக்கிற வடிகால் மூடி தெளிவாத் தெரியாத தண்ணியில பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.