போலீஸ் புகார் இல்லாமலும் சிகிச்சை உண்டு

“பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணைப் போலீஸ் புகார் இல்லாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், விஷயம் அடங்கும்வரை வீட்டிலேயே தனியாக விடுங்கள்” என்றொரு குரல்பதிவு, மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள நம் தோட்டப்புற நகரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றி வருகிறது. அது தவறு.

சிகிச்சை, மனநல ஆலோசனை, காவல்துறைத் தொடர்பு ஆகியவற்றை ஒரே இடத்தில் தரும் நெருக்கடி உதவி மையம், 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிற அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கும் பரவியது. புகார் இல்லை என்பதற்காக அங்கே சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராயின், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி மருத்துவரே சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். காத்திருப்பதுதான் கெடுதல்: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். குளித்துவிட்டிருந்தாலும் போகலாம், அன்று உடுத்திய துணியை மட்டும் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்வது நல்லது.

தனியாக விடும் அறிவுரை இன்னும் மோசமானது. எங்கள் லயத்தில் நான் கண்ட ஓர் அக்காள், ரப்பர் பால்வெட்டு முடிந்ததும் மைலோ கலந்து எடுத்துக்கொண்டு, இப்படிப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் வாசற்படியில் வந்து உட்காருவார். நடந்ததைப் பற்றி எதுவும் விசாரிக்கமாட்டார். மருத்துவமனைக்கு உடன் சென்ற அன்றும் அவர் கேட்டது, “நான் உள்ளே வரட்டுமா, வெளியே இருக்கட்டுமா?” என்பது மட்டுமே. துணைக்கு அப்படி ஒருவர் இல்லாதவர்கள், இரவு பகல் எந்நேரமும் இயங்கும் 15999 என்ற அரசு உதவி எண்ணை அழைக்கலாம்.