எல்லாவற்றுக்கும் சூடுதானா?

எங்கள் குடும்பத்தில் வெள்ளைப்படுதலுக்கு ஒரே காரணம்தான்: சூடு. வைத்தியமும் ஒன்றுதான், இரவில் ஊறப்போட்ட வெந்தயம். கேட்காவிட்டால் இளநீர். அதற்கும் கேட்காவிட்டால், "கல்யாணமானால் சரியாகிவிடும்." கல்யாணமாகி இருபது வருடமான என் சித்திக்கு என்ன சொல்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

சித்தி ஒரு வருடம் அரிப்போடு காலம் தள்ளினார். களிம்பு தடவினால் ஒரு வாரம் அடங்கும், பிறகு மறுபடியும் வரும். மருந்துக்கடைக்குக்கூட அவர் நேராகப் போனதில்லை. காலி டியூபைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்து, "இதையே வாங்கி வா" என்பார். கடைசியில் மகளிர் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பரிசோதித்துவிட்டு, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். நீரிழிவு! பால் திரிந்ததுபோல வெள்ளையாகப் படுவது பூஞ்சைத் தொற்று. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரை அது திரும்பத் திரும்ப வரும் என்றார்.

எனக்குக் கோபம் அந்தச் 'சூடு' என்ற சொல்லின் மேல்தான். இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே, கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாகப் படுவது நோயே அல்ல. அதற்கும் சூடு. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து மற்றவை பெருகியிருக்கலாம்; பூஞ்சைக் களிம்பு அதை ஒன்றும் செய்யாது. சோப்பும் கிருமிநாசினியும் ஊற்றி உள்ளே கழுவினால் இன்னும் மோசமாகும். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் கணவரும் மாத்திரை சாப்பிட வேண்டும். (இதைச் சொன்னதும் எத்தனை வீடுகளில் பேச்சு மாறும் என்று எனக்குத் தெரியும்.) நிறத்தை மட்டும் வைத்து நாமே முடிவு கட்டவும் முடியாது, பரிசோதிக்கத்தான் வேண்டும்.

ரத்தம் கலந்து பட்டாலோ, உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகப் படத் தொடங்கினாலோ வெந்தயத்தை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டுவதுண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், 30 வயதைத் தாண்டியவர்களுக்குத் தமிழக அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதற்கான பரிசோதனை இலவசம். சில நிமிட வேலைதான்.

சித்திக்கு இப்போது அரிப்பு இல்லை. வெந்தயத்தை மட்டும் விடவில்லை. சர்க்கரைக்கு நல்லதாம்.