தொண்ணூறு வினாடி வேலை
அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் அவருடைய நிலக்கடலை விவசாயத்துக்கும் நோபல் பரிசுக்கும் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட அவருடைய கடற்படைக் காலத்துக்குக் கொடுக்கவில்லையே! 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலை விபத்தில் சேதமடைந்தபோது, அதைக் கழற்றப் போன அமெரிக்கக் கடற்படைக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் இந்த 28 வயது லெப்டினன்ட். டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரியை அமைத்துப் பழகினார்கள். கதிர்வீச்சு காரணமாக உள்ளே ஓர் ஆளுக்கு சுமார் 90 வினாடிதான். நிஜ உலையில் ஒரு திருகு கழன்றால் மாதிரியிலும் அதைக் கழற்றிவிடுவார்களாம்.

1953-இல் தந்தை இறந்ததும் பணியைத் துறந்து ஊர் திரும்பினார். மனைவி ரோசலினுக்கு அதில் துளியும் சம்மதமில்லை; வழிநெடுக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கேட்காமல் முடிவெடுத்தால் வேறென்ன நடக்கும்? அதற்குப் பிறகும் 70 ஆண்டுகள் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.