வன்னியில் ஒரு நிமிடம் என்ன விலை?

2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவு. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, கரண்ட் இல்லை. அம்மா சின்ன றேடியோவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலைவரிசையாகத் திருகிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் பாட்டு. ஒன்றில் கொழும்பிலிருந்து ஓர் அறிவிப்பாளர் நத்தார் காலத் தள்ளுபடி பற்றிச் சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வசனம்: எத்தனை கதவு, எத்தனை அடி, தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது. அதைச் சொன்னது பன்னங்கண்டியில் இருக்கும் மச்சான், போனில். அவர் சொல்லும்போதே அவர் வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

அந்த அறிவிப்பாளரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் கொழும்பில் இருந்து கதைக்கிறார், இரணைமடுவை எட்டிப் பார்க்க அவரால் முடியாது. அவரை அங்கே இருத்தி வைத்திருக்கும் தனியார் வானொலி வியாபாரக் கணக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். நானும் வியாபாரிதான். பரந்தனில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன்.

1998 இல் சக்தி, சூரியன் என்ற தனியார் தமிழ் வானொலிகள் வந்தன. சக்தியை நடத்தும் மகாராஜா நிறுவனத்துக்குச் சிங்களத்தில் சிரச இருக்கிறது. சூரியனை நடத்தும் ஏபிசி நிறுவனத்துக்கு ஹிரு இருக்கிறது. நிகழ்ச்சியைக் கொழும்பில் ஒரு தரம் செய்து, ஒலியை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் அஞ்சல் கோபுரங்கள் வழியாக நாடு முழுக்க அனுப்புவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. கோபுரத்துக்கும் கலையகத்துக்கும்தான் செலவு. இன்னும் ஓராயிரம் பேர் கேட்டாலும் செலவு ஒரு சதமும் ஏறாது. அப்புறம் இலங்கையில் தமிழ் கேட்பவர்கள் எல்லோரையும் ஒரே பொதியாகக் கட்டி, சவர்க்காரம், பால்மா, வங்கி, தொலைபேசி நிறுவனங்களுக்கு விற்பார்கள். இது நல்ல கணக்கு. இப்படி ஒரு கணக்கு இல்லாவிட்டால் தமிழில் தனியார் அலைவரிசைகள் இத்தனை வருடம் நின்றிருக்காது. 2022 இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களையும் தாண்டி வந்திருக்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தப் பொதிக்குள் வன்னி எவ்வளவு? 2012 குடிசனக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டத்தையும் கூட்டினால் ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை. கொழும்பில் இருக்கும் விளம்பர முகவர் இதைப் பார்த்தால் வன்னிக்கென்று தனியாக ஒரு நிமிடம்கூட ஒதுக்கமாட்டார். அவருடைய தட்டில் நாங்கள் ஒரு பருக்கை.

இந்த இடத்தில்தான் அவர்களின் கணக்குப் பிழைக்கிறது என்று நான் சொல்கிறேன். சவர்க்காரம் விற்பவருக்கு நாங்கள் ஒரு பருக்கைதான். எனக்கு அந்த ஐந்து இலட்சம் பேர்தான் முழுச் சந்தையும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அலைவரிசையின் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். மரியாதையான பிள்ளை, "அண்ணை, அண்ணை" என்று நல்லாகக் கதைத்தார். அவரிடம் இருந்த ஆகச் சின்ன விளம்பரத் திட்டமே நாடு முழுவதற்குமானது. அந்தக் காசுக்கு உழவு இயந்திரத்தின் இரண்டு பின் டயர் வாங்கலாம். ஆசையில் கொடுத்துவிட்டேன். என் கடையின் பெயர் ஹட்டனிலும் வெள்ளவத்தையிலும் கேட்டது. கல்முனையிலிருந்து ஒருவர் லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்குப் பெல்ட் அனுப்ப முடியுமா என்று கேட்டார். பஸ்ஸில் போட்டு அனுப்பும் கூலி பெல்ட்டின் விலைக்குக் கிட்ட வந்தது. விளம்பரத்தில் குரல் கொடுத்தவர் "டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ்" என்று சென்னைத் தமிழில் சொன்னார். எங்கள் கமக்காரர் மிசின் என்பார்கள், பின்னால் இழுப்பதைப் பெட்டி என்பார்கள். விளம்பரம் கேட்டு வந்தோம் என்று விசுவமடுவிலிருந்தோ முழங்காவிலிலிருந்தோ ஒருவரும் வரவில்லை. நான் மறுபடி கொடுக்கவும் இல்லை. என்னைப் போல எத்தனை கடை, எத்தனை அரிசி ஆலை, எத்தனை மருந்துக்கடை இந்தப் பக்கம் இருக்கிறது! நாங்கள் எல்லோரும் கொடுக்கத் தயாராக இருக்கும் காசு அவர்களின் விலைப்பட்டியலில் வருவதே இல்லை.

தமிழ்நாட்டில் தனியார் பண்பலைக்கு நகரம் நகரமாகத்தான் உரிமம். அங்கேயும் சூரியன் என்று ஒன்று இருக்கிறது, அது வேறு நிறுவனம். மதுரைக்குத் தனி நிலையம், தூத்துக்குடிக்குத் தனி நிலையம். மதுரை நகைக்கடைக்காரர் சென்னைக்குச் சேர்த்துக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் அங்கே தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. எங்களுக்குச் செய்தி சொல்லும் உரிமை இருக்கிறது, ஊர் இல்லை. அவர்களுக்கு ஊர் இருக்கிறது, செய்தி இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கக்கூடிய இடத்தில் நாங்கள் நிற்கிறோம். பிரித்தானியாவில் வணிக வானொலிகள் ஒரே நிகழ்ச்சியை எல்லா நகரத்துக்கும் அனுப்பிவிட்டு, விளம்பர இடைவேளையில் மட்டும் ஒவ்வொரு நகரத்துக்கும் வேறு வேறு விளம்பரம் போடுகின்றன. ஒலிபரப்பி இருக்கும் இடத்தில் கொழும்பின் ஒலியைச் சில நிமிடம் நிறுத்தி, உள்ளூர்ப் பதிவை விடவேண்டும். அவ்வளவுதான். கோபுரம் எங்கள் பக்கமே நிற்கிறது: கொக்காவிலில் 2011 இல் திறந்த ஒலிபரப்புக் கோபுரம் 170 மீற்றருக்கு மேல் உயரம். ஏ9 வீதியில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது.

எங்கே பசி இருக்கிறது என்று பார்த்துப் போய் நிற்பது இலங்கை வானொலிக்குப் புதிதில்லை. வர்த்தக சேவை தொடங்கியது 1950 இல். 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். அந்த நேயர்களை எங்கள் வானொலி அப்படியே அள்ளிக்கொண்டது, விளம்பரங்களும் பின்னால் வந்தன. 1957 இல் இந்தியா சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. அந்தக் கெட்டித்தனம் இப்போது எங்கே போனது?

தொண்ணூறுகளில், போரால் பற்றரிக்குத் தடை இருந்த காலம். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார், நான் கையால் பெடலைச் சுற்றுவேன், டைனமோவில் றேடியோ பாடும். கை ஓய்ந்தால் குரலும் இழுபடும். மரண அறிவித்தல் வரும்போது மட்டும் "நிற்பாட்டாதே, நிற்பாட்டாதே" என்று அப்பா சொல்லுவார். எந்த ஊர், யாருடைய தகப்பன் என்று கேட்டு முடியும்வரை நான் சுற்றவேண்டும். அப்படிக் கேட்ட சனம் நாங்கள்.

எங்கள் ஊர்க்கதை சொல்லும் அந்த இடம் இப்போது யூடியூப்காரரிடம் போய்விட்டது. கனடாவிலும் சுவிஸிலும் இருந்து பார்த்தால் வருமானம் அதிகம், இங்கிருந்து பார்த்தால் குறைவு. அதனால் அங்கே இருப்பவர்களை அழவைக்கும் படம்தான் எடுக்கிறார்கள். ஒரு நாள் எங்கள் பக்கம் ஒரு அக்காவின் வீட்டுக்குக் கமராவோடு வந்தார்கள். தண்ணீர்க் குடத்தை ஏற்கனவே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார் அவர். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தரம் தூக்கிக்கொண்டு வாருங்கோ என்றார்கள். அவர் குடத்தை வெளியே கொண்டுபோய், மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. உதவி கிடைத்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் அந்த அக்காவுக்காக எடுத்தது இல்லை. எங்கள் ஊரில் விற்று, எங்கள் ஊருக்குப் பதில் சொல்லும் ஒரு வானொலி இருந்தால் இதைச் செய்யத் துணியாது. அடுத்த நாள் காலை அதே சந்தியில் எங்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே.

இந்த அலைவரிசைகளுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறதுதானே என்று கேட்பார்கள். யாழ்ப்பாணம் வேறு, வன்னி வேறு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேரலை வண்டி வருவது நல்ல விஷயம்தான். பொங்கல் முடிந்தால் வண்டி போய்விடும்.

நான் கேட்பது பெரிய நிலையம் இல்லை. கிளிநொச்சியில் ஒரு அறை, ஊர் தெரிந்த இரண்டு பேர். விடிய ஆறு மணிக்குப் பத்து நிமிடம்: இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் எத்தனை அடி தண்ணீர், நெல் மூடை இன்று என்ன விலை, எந்தக் கமநல சேவை நிலையத்துக்குப் பசளை வந்திருக்கிறது, யானை எந்தப் பக்கம் இறங்கியது, யார் தவறிப்போனார். மழை நாட்களில் மட்டும் இரவிலும் வேண்டும். இடையில் வரும் விளம்பரத்தை வன்னி விலைக்கு வன்னிக் கடைகளுக்கு விற்கட்டும்.

பரந்தன் சந்தியில் எங்கள் வரிசையில் ஆறு கடைகள். போன கிழமை எல்லோரும் இருந்து கதைத்தோம். மாதம் மாதம் கட்டக்கூடிய தொகையை ஒவ்வொருவரும் சொன்னார்கள், நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலக் காலபோக நெல் விதைப்புக்கு முன்னர் எந்த அலைவரிசை வந்தாலும் சரி, என் கடையில் வந்து கேட்கலாம்.