சிரிச்ச கூட்டத்துல நானும் இருந்தேன்

நேத்து ஆம்பளைங்க ஆம்பளைங்கள தேடுற டேட்டிங் ஆப்ல ஒருத்தன் ப்ரொஃபைல் பாத்தேன், ‘பொம்பள மாதிரி நடக்குறவனுங்க மெசேஜ் பண்ணாதீங்க’ன்னு போட்டிருக்கான், ரெண்டு கிலோமீட்டர்னு காட்டுது, தண்டையார்பேட்டையா இருக்கும். ப்ளாக் பண்ணிட்டு படுத்தா தூக்கம் வரல, ஏன்னா இருவது வருசம் முன்னாடி நானும் இவன் மாதிரிதான் இருந்தேன்.

ராயபுரத்துல எங்க தெருமுனை கேரம் கிளப்புல சாயங்காலம் ஆனா பத்து பேர் நிப்போம். அந்தப் பக்கமா ஒரு அண்ணன் போவாரு, காசிமேட்டுல மீன் ஏலத்துக்கு கணக்கு எழுதுறவரு, காதோர முடிய ஒதுக்கி விட்டுக்கினே நடப்பாரு. ஒருத்தன் விசில் அடிப்பான், இன்னொருத்தன் ‘ஒம்போது’ம்பான். நானும் சிரிப்பேன், மத்தவனுங்கள விட சத்தமாவே, சிரிக்கலன்னா நம்ம மேல டவுட் வந்துருமேன்னு. அப்புறம் போர்டுல பவுடர் போடுற சாக்குல குனிஞ்சிக்குவேன். அவரு திட்டுனதே இல்ல, என்னை மட்டும் ஒரு செகண்ட் பாத்துட்டு போவாரு. மனுசனுக்கு தெரிஞ்சிருக்கு.

பீச் ஸ்டேஷன்ல ஒருநாள் பக்கத்துல வந்து ‘டீ சாப்புடுறியா தம்பி’ன்னாரு. அவ்ளோதான், அப்படித்தான் ஆரம்பிச்சுது. சென்னைல எங்கள மாதிரி ஆளுங்களுக்காக ‘சகோதரன்’ மாதிரி அமைப்புங்க 1998லேர்ந்தே இருக்குன்னு எனக்கு அவரு சொல்லித்தான் தெரியும். ஹெச்ஐவி விழிப்புணர்வுக்குன்னு நடத்துற ஒரு ரூமுக்கு கூட்டினு போனாரு. ஆட்டோ ஓட்டுறவரு, ஹார்பர்ல லோடு ஏத்துறவரு, பொண்டாட்டி புள்ள இருக்குறவரு, எல்லாரும் பாய்ல உக்காந்து ஊர்க்கத பேசினு இருந்தாங்க. யாரும் ‘கே’ன்னு சொல்லிக்கல, ‘கோத்தி’ன்னாங்க, அதாவது ஆம்பளைங்கள விரும்புற, நடை பாவனையெல்லாம் பொம்பள மாதிரி இருக்குற ஆம்பள. எனக்கு ரெண்டு வார்த்தையுமே அப்ப ஒட்டல, ‘கே’ன்றது ஏதோ நுங்கம்பாக்கத்து இங்கிலீஷ் மாதிரி இருந்துச்சு. ஆனா அங்க யாரு பாக்குறாங்கன்னு யோசிக்காம சிரிச்சேன்.

இதெல்லாம் பணக்கார வீட்டுப் பசங்க ஃபேஷன்னு கமெண்ட் போடுறவங்க அந்தப் பாய்ல வந்து உக்காந்து பாக்கணும்.

2009 ஜூன்ல மெரினால முதல் வானவில் பேரணி. அண்ணன் நடந்தாரு, நான் எதிர்ல சுண்டல் வாங்குற மாதிரி நின்னேன். அடுத்த மாசமே டெல்லி ஹைகோர்ட் நாங்க குற்றவாளி இல்லன்னுச்சு, 2013ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு, 2018ல மறுபடி குற்றமில்லன்னுச்சு. அந்த ஒம்போது வருசமும் அண்ணன் அதே நடைதான் நடந்தாரு. 2021ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டு எங்கள ‘மாத்துறேன்’னு வைத்தியம் பாக்கக்கூடாதுன்னு சொன்னப்ப மட்டும் எனக்கு அழுகை வந்துச்சு. எங்கம்மா என்னை தாயத்து கட்ட கூட்டினு போனது தனி கத, அப்புறம் சொல்றேன்.

மறைக்கத் தெரிஞ்சவன் எல்லாம் மறைஞ்சி நின்னோம். மறைக்கத் தெரியாதவங்கதான் போலீஸ்கிட்டயும் தெருப்பசங்ககிட்டயும் அடி வாங்கி எங்களுக்கு ஒரு இடம் புடிச்சி வெச்சாங்க. இப்ப அவங்களையே மெசேஜ் பண்ணாதன்றான்.

போன வாரம் அண்ணனும் நானும் அதே தெரு வழியா அத்தோ சாப்புட போனோம். அவருக்கு காதோரம் முழுக்க நரை, ஒதுக்கி விடுறது மட்டும் நிக்கல. கிளப்புல இப்ப வேற செட்டு பசங்க. விசில் வந்துச்சு. நான் நின்னு திரும்பிப் பாத்தேன்.