‘நச்சற்றது’ என்று போட்டிருந்தால் முகத்தில் பூசலாமா?

டப்பாவில் ‘நச்சற்றது’ என்றிருந்தால் அக்ரிலிக் பெயின்டையே தண்ணீர் கலந்து, ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் நிறம் தெளிக்கும் கருவி) பிள்ளைகள் முகத்தில் அடிக்கலாம் என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. அந்த உறுதி காகிதத்திலும் துணியிலும் தீட்டுவதற்கானது, தோலுக்கானது அல்ல. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாக இறுகும். சிரித்தால் வெடிக்கும், உரித்தால் பூனைமுடியோடு மேல்தோலும் வரும். தண்ணீர் கலந்தால் படலம் மெலியும், அவ்வளவுதான். நிறமியும் ஒரு சிக்கல்: கண்ணைச் சுற்றிப் பூசத்தக்க நிறமிகளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ தனி அனுமதியே வைத்திருக்கிறது.

அழகுசாதனத் தரத்தில் தயாரான, நீரில் கரையும் முகப்பூச்சு வாங்குங்கள். ஏர்பிரஷ்ஷில் முகத்துக்கு 10–15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். கண், மூக்கு, வாய் ஓரங்களில் தெளிக்காமல் தூரிகையால் தீட்டுங்கள். ஆல்கஹால் கலந்த மை கைகால்களுக்கு மட்டும். முந்தைய நாளே முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, 24 மணி நேரம் அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள்.